மலரக்காவின் கையும் எங்கள் பள்ளிக்கூடமும்

மலரக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையில் ஒரு சின்னச் சப்பாத்து இருந்தது. நான் நோர்வேயில், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடுவதற்கு முன் ஒவ்வொரு காலாகப் பிடித்துச் சப்பாத்து மாட்டிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு காலை மாட்டிவிட்டு மற்றச் சப்பாத்தை விரித்துப் பிடித்த நேரம் கைபேசி அதிர்ந்தது. மலரக்காவின் மகள் துளசி எழுதியிருந்தாள்: "அன்ரி, அம்மா காலமை மோசம் போட்டா." நான் சப்பாத்தும் கையுமாக அப்படியே தரையில் இருந்துவிட்டேன். பிள்ளை காலை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் மலரக்காவுக்கும் இடையில் ஒரு சப்பாத்துக் கதை உண்டு. உங்களில் பலருக்கு அதில் பாதி தெரியும். பாதி தெரிந்தவர்கள்தான் அதை நிறையக் கதைத்தவர்களும்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி துளசி கேட்டபோது முதலில் மாட்டேன் என்றேன். இந்தப் புத்தகங்களில் இறந்தவர் எல்லாரும் அன்பின் வடிவமாகவும் பொறுமையின் இருப்பிடமாகவும் மாறிவிடுவார்கள். மலரக்கா பொறுமையானவர் என்று எழுதினால் அவரே எழும்பி வந்து என் காதைத் திருகுவார். "பொய் எழுதவேண்டாம் அன்ரி. அம்மாவுக்கு அது பிடிக்காது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள் துளசி. தெரியும். ஒஸ்லோவில் என்னைவிட நன்றாக அதை அறிந்தவர் இல்லை.

மலரக்கா என்று நாங்கள் கூப்பிட்ட யோகமலர் ரீச்சர் கைநீட்டுகிற ஆள். அகதிகளை நோர்வேயின் வடகோடிக்கு அனுப்பிவைத்த காலத்தில் அவர் ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையொன்றில் வேலைக்கு நின்றார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், அங்கே மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டு நின்றார். ஒருநாள் மேற்பார்வையாளன் ஒருவன் பின்னால் வந்து அவருடைய இடுப்பில் கைவைத்தான். மலரக்கா கத்தவில்லை. கையிலிருந்த பெரிய மீனை வாலில் பிடித்துச் சுழற்றி அவன் முகத்தில் அறைந்தார். மூக்கு உடைந்து, வெள்ளை அங்கி முழுக்க இரத்தம். "எனக்கு அவங்கடை மொழி தெரியாது சாந்தி. கையிலை இருந்ததாலை சொன்னனான்" என்பார். இந்தக் கதையைப் பிறந்தநாள் வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து வயிறு நோகச் சிரிப்போம். அதே கை எங்கள் பிள்ளைகள்மேல் விழுந்தபோதும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்தபின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவர் தமிழும் கணக்கும் எடுத்தார். விஜயதசமியன்று பிள்ளைகளை ஏடு தொடக்கக் கூட்டிப்போவோம். வெற்றிலையும் பழமும் வைத்த தட்டை நீட்டி, எங்கள் தாய்தகப்பன் ஊரில் சொன்னதையே நாங்களும் சொல்வோம்: "ரீச்சர், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ. மற்ற இடமெல்லாம் உங்கடை பொறுப்பு." சொல்லும்போது நெஞ்சு நிமிரும். பெற்ற பிள்ளையை அடிப்பதும் இந்த நாட்டில் குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமை மூன்று மணித்தியாலத்துக்கு அந்த வகுப்பறை நோர்வேயில் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். நானும் என் மகன் ஆரூரனை அப்படிச் சொல்லித்தான் ஒப்படைத்தேன்.

அப்போது அவனுக்கு எட்டு வயது. ஏழாம் வாய்பாட்டில் தடுமாறியவன், நோர்வீஜிய மொழியில் ஏதோ பகிடி விட்டிருக்கிறான். வகுப்பே சிரித்தது. மலரக்கா இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அவன் மேசை விளிம்பில் மோதிக் கீழே விழுந்தான். வீட்டுக்கு வந்தபோது காதிலிருந்து நீரும் இரத்தமும் கசிந்தது. நான் அவனை மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் கேட்பார்கள், கேட்டால் பார்ணவேர்ண் வரும். குழந்தைகள் நலப் பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறோம். அவர்கள் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து நாள் நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்த்தேன். சீழ் பிடித்துக் காய்ச்சலில் பிள்ளை பிதற்றத் தொடங்கியபின்தான் கொண்டு ஓடினேன். பனியில் சறுக்குப் பலகையிலிருந்து விழுந்துவிட்டான் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் என்னைவிடத் திறமாகச் சொன்னான். இடது காது அதோடு முக்கால்வாசி போய்விட்டது. அறை மலரக்காவுடையது. அந்தப் பத்து நாள் என்னுடையது.

விஷயம் தெரிந்ததும் மலரக்கா வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "ஊரிலை குண்டு போட பொம்பர் சுத்தேக்கை பிள்ளையளை அடிச்சு அடிச்சுத்தான் பங்கருக்குள்ளை இறக்கினனான். வாங்கோ எண்டு கெஞ்சினால் வராதுகள், வாய் பாத்துக்கொண்டு வானத்தைப் பாக்குங்கள். அடிச்சால்தான் ஓடுங்கள். ஒருநாள் ஒருத்தியை எட்டிப் பிடிக்க ஏலாமல் போச்சு. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கமாத்தான் பொறுக்கினனாங்கள். அதுக்குப் பிறகு இன்னும் கூட அடிச்சனான். பயத்திலை அடிச்சது. இஞ்சை வந்து பயம் போட்டுது, கை நிக்கேல்லை." அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கோடு போடவும் அடிக்கவும் வைத்திருந்த தன் மர அடிமட்டத்தை முழங்காலில் வைத்து முறித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதன்பின் ஒரு பிள்ளையிலும் அவர் கைபட்டதில்லை. ஆனால் கோபம் எங்கேயும் போகவில்லை. மேசை, கதவு, பெற்றோர் என்று அதற்கு வேறு இடங்கள் கிடைத்தன.

சில வருடங்களுக்குப் பின்தான் பள்ளிக்கூடக் கதை தொடங்கியது. எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ சபையொன்று ஒரு தனியார் பள்ளி நடத்தியது. அதன் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது என்று சபாரத்தினம் அண்ணை எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். கோயில் காரியம், கலைவிழா எதுவென்றாலும் முன்னுக்கு நிற்கும் மனிதர் அவர். "அவைக்குக் குடுக்கலாமெண்டால் எங்களுக்கு ஏன் குடுக்கேலாது? நாங்களும் வரி கட்டுறம்தானே?" என்று ஒரு கூட்டத்தில் மேசையில் குத்தினார். சமய அடிப்படையில் பள்ளி தொடங்க விண்ணப்பிக்கலாம். பாடத்திட்டமும் பிள்ளைகளின் பாதுகாப்பும் நாட்டுச் சட்டப்படி இருந்தால் அரசு கைகொடுக்கும். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வெள்ளைக்காரன் தேவாரம் படிப்பிக்கக் காசு தாறானோ என்று என் தமையன் சிரித்தான்.

அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் மலரக்கா. நான் செயலாளர். என் சமையலறை மேசையில் இருந்து சட்டப் புத்தகத்தை விரலால் கோடு கோடாகத் தொட்டு வாசிப்பார். தனக்கு விளங்காத வசனத்தை ஆரூரனைக் கூப்பிட்டுக் கேட்பார். சபாரத்தினம் அண்ணை வந்து, கோயிலுக்கு ஒரு மண்டபமும் இதற்குள் கட்டிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். மலரக்கா பேனையை அவர்மேல் எறிந்தார். "அண்ணை, அரசாங்கம் காசு தாறது எங்கடை சாமிக்கில்லை. பிள்ளையளுக்கு. பிள்ளை இல்லாத இடத்துக்கு ஒரு சதமும் போகாது." சட்டையில் மை கொட்டிய சபாரத்தினம் அண்ணை அதற்குப் பிறகு மண்டபத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வசனத்தை மலரக்கா பிறகும் பலமுறை சொன்னார். நாங்கள் தலையை ஆட்டினோமே தவிர, அவர் என்ன சொல்கிறார் என்று யோசிக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. மலரக்கா தலைமை ஆசிரியராக, பள்ளியின் அதிபராக வந்தார். முதல் நாள் காலை பிள்ளைகள் சீருடையோடு வரிசையில் நின்று சிவபுராணம் சொன்னபோது நான் அழுதேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த கவிதாவின் மகளும் சேர்ந்தாள். "தமிழ் மறந்துடக் கூடாதுன்னுதான் சேர்த்தேன் மேடம். இங்க பேசறது எனக்கே பாதி புரியல" என்று கவிதா சிரிப்பார். இரண்டு வருடம் பள்ளி நன்றாகவே ஓடியது.

மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் சமய பாட ஆசிரியர், பதிகத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள் என்று கவிதாவின் மகளைப் புறங்கையில் அடிமட்டத்தின் விளிம்பால் அடித்தார். தோல் பிய்ந்து இரத்தம் வந்தது. பிள்ளையின் அழுகை கேட்டு வந்த மலரக்கா அந்த மனிதரைச் சட்டைக் கழுத்தில் பிடித்து நடைகூடம் நெடுக இழுத்துப்போய், காலுறையோடு வெளியே பனிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். அவர் கண்ணாடிக் கதவில் அடி அடியென்று அடித்தார். சப்பாத்தையும் மேலங்கியையும் மலரக்கா ஜன்னலால் எறிந்தார். அடிக்கக் கூடாது என்பதையும் கையால்தான் அவர் சொன்னார். அன்றே கவிதாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னார். அரசுக்கும் உடனே அறிவிக்க வேண்டும் என்று எங்களிடம் வந்தார். நிர்வாகத்தில் இருந்த நாங்கள் அவர் வாயைப் பொத்தினோம். இரண்டு கிழமையில் அதிகாரிகள் மேற்பார்வைக்கு வர இருந்தார்கள். அதுவரை பொறுங்கோ அக்கா என்று காலில் விழாத குறையாகக் கேட்டவள் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். வடை, தேநீர் எல்லாம் வைத்திருந்தோம். புத்தகங்கள், வகுப்பறைகள் எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தன. கடைசியாக, வீட்டுக்கும் பள்ளிக்கும் உறவு எப்படி என்று கேட்டார்கள். சபாரத்தினம் அண்ணை நிமிர்ந்து இருந்தார். எங்கள் பெற்றோர் எவ்வளவு நம்பிக்கையோடு பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள் என்று காட்டவேண்டும் அவருக்கு. தன் நோர்வீஜிய மொழியில், சிரித்த முகத்தோடு சொன்னார்: நாங்கள் பிள்ளையை ஆசிரியரிடம் கொடுக்கும்போது, தோலை உரியுங்கள், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்போம், அந்த அளவுக்கு நம்பிக்கை! எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரியின் பேனை நின்றது.

இதைச் சமாளித்திருக்கலாம். ஊரில் சும்மா வாயால் சொல்கிற பேச்சு என்று ஒரு வசனம் போதும். அதைப் பிசகில்லாத மொழியில் சொல்லக்கூடியவர் மலரக்கா ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் கைகளை மேசைமேல் வைத்தார். இங்கே இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிள்ளைக்கு அடி விழுந்தது, அறிவிக்க வேண்டிய நான் அறிவிக்கவில்லை என்றார். அதோடு நிறுத்தவில்லை. அதிபராக இருக்கும் நானே முன்பு ஒரு பிள்ளையைக் காதில் அறைந்தவள், அவனுக்கு அந்தக் காது கேட்பதில்லை, மருத்துவரிடம் வேறு காரணம் சொல்லப்பட்டது என்றார். பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆரூரன். இவருடைய மகன்." என் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மடியில் கொட்டியது. சூடுகூடத் தெரியவில்லை.

அதிகாரிகள் போனதும் நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உங்களுக்கு விசரே? என்ரை பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்கள்!" "பிள்ளையளுக்குத் தந்த காசு சாந்தி" என்றார். "பிள்ளைக்கு அடி விழுந்தால் அந்தக் காசை வைச்சிருக்க எங்களுக்கு உரிமை இல்லை." பதினைந்து வயதுப் பிள்ளையை இழக்கப்போகிறேன் என்று பயந்து நின்ற எனக்கு அந்த நியாயம் நஞ்சாக இருந்தது. அடுத்த கிழமை குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். நாங்கள் எப்படி இருந்தோம் என்று மறந்திருக்க மாட்டீர்கள். "காட்டிக்குடுத்தவள்! எத்தினை பேற்றை உழைப்பைத் தின்னிட்டாள்!" என்று சபாரத்தினம் அண்ணை கத்தினார். யாரோ கதிரையைத் தூக்கி எறிய ஜன்னல் உடைந்து, குளிர்காற்று உள்ளே அடித்தது. இரண்டு தகப்பன்மார் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ஒருவருக்குப் பல் போனது. மலரக்கா முன்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஹம்மர்பெஸ்டில் மீனால் அறைந்தவர் அன்று விரலைக்கூட அசைக்கவில்லை. கவிதா மட்டும் எழுந்தார். "என் பொண்ணு அடி வாங்கினதை என்கிட்ட சொன்னது இவங்க ஒருத்தங்கதான். நீங்க யாராச்சும் சொன்னீங்களா?" அவரை இருக்கச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் வாசலில், சப்பாத்துகள் கழற்றி வைத்த இடத்தில் நின்றேன். குனிந்து கைக்கு வந்ததை எடுத்தேன். என்னுடைய சப்பாத்துத்தான், அடியில் இரும்பு முள் வைத்த பனிச் சப்பாத்து. மலரக்காவை நோக்கிப் பலம்கொண்ட மட்டும் எறிந்தேன். அந்தக் கூச்சலில் பின்பக்கம் திரும்பியவரின் இடது புருவத்தில் அது போய் விழுந்தது. புருவம் பிளந்து இரத்தம் கன்னத்தால் ஓடி மேலங்கிக் கழுத்தில் வடிந்தது. உருண்டுகொண்டிருந்த தகப்பன்மாரும் பிடியை விட்டார்கள். மலரக்கா விரலால் இமையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்:

"பறவாயில்லை சாந்தி. கண்ணை விட்டுட்டாய்."

அவசர சிகிச்சைக்கு அவரைக் கொண்டுபோனதும் நான்தான். வேறு யாரும் முன்வரவில்லை. என் சால்வையைப் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காரில் இருந்தார். கண்ணாடியில் தலை சாய்ந்திருந்தது. "நான் உன்னிலை பொலிசுக்குப் போகமாட்டன். ஆனால் சறுக்குப் பலகையிலை விழுந்தனான் எண்டும் சொல்லமாட்டன்" என்றார். உள்ளே இளம் மருத்துவர் தையல் போட்டுக்கொண்டே எப்படிக் காயப்பட்டது என்று கேட்டார். சிநேகிதி ஒருத்தி சப்பாத்தால் எறிந்தாள் என்றார் மலரக்கா. மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓம், நான்தான் எறிந்தேன் என்று என் வாயால் சொன்னேன். ஏழு வருடத்தில் ஒரு மருத்துவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. சொன்னபின் சுவரோடு சாய்ந்து அழுதேன். மலரக்கா என்னைப் பார்க்கவில்லை. தையல் ஊசிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆரூரனை யாரும் கொண்டுபோகவில்லை. இரண்டு பெண்கள் வந்து எங்களோடு கதைத்தார்கள், அவனோடு தனியாகக் கதைத்தார்கள், காதுக்குக் கருவி எடுத்துக்கொடுத்தார்கள். அந்தக் கருவியை ஏழு வருடத்துக்கு முன்பே எடுத்திருக்கலாம்; பிந்தி எடுத்தது, பக்கத்தில் உரத்துக் கதைத்தால் மட்டுமே உதவியது. பள்ளிக்கு அரசு கொடுத்துவந்த உதவி நின்றது. அடுத்த கோடையோடு பள்ளி மூடப்பட்டது. நாங்கள் மலரக்காவைக் கலியாணங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினோம். கோயிலுக்கு அவர் வந்தால் வரிசை விலகியது. நானும் விலகினேன். தொடருந்தில் எதிரில் வந்தால் அடுத்த பெட்டிக்குப் போவேன். அவர் புருவத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. உங்களுக்கும் எனக்கும் பொதுவான வெட்கம் இது, இனி அதை அவரிடம் கொண்டுபோக வழியில்லை.

ஈமச்சடங்கு மண்டபத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. துரொண்ட்ஹெய்மில் வேலை செய்யும் ஆரூரன் முதல்நாளே தொடருந்தில் வந்துவிட்டான். இவன் ஏன் லீவு எடுத்துக்கொண்டு வருகிறான் என்று எனக்கு ஆச்சரியம். அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பெட்டிக்குள் மலரக்காவின் முகத்துக்குப் பூசிவிட்டிருந்தார்கள். பூச்சையும் மீறிப் புருவத்தில் அந்த வெள்ளைக் கோடு தெரிந்தது. "தம்பி, தழும்பு தெரியுது பார்" என்று மெல்லச் சொன்னேன். அவன் அசையவில்லை. திரும்பவும் சொன்னேன். அவன் முழுத்தலையையும் என் பக்கம் திருப்பினான்.

"அம்மா, அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

அவனுடைய இடது பக்கத்தில் இருந்திருக்கிறேன். பதினேழு வருடமாக, பாதி நேரம் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். "மலர் ரீச்சர் ஒருக்காலும் மறக்கேல்லை" என்றான். "துரொண்ட்ஹெய்முக்கு வாறபோதெல்லாம், கஃபேயிலை எண்டாலும் பஸ்ஸிலை எண்டாலும், என்ரை வலப்பக்கமாப் பாத்துத்தான் வந்து இருப்பா."

"அவ அங்கை வந்தவவோ?"

"ஒவ்வொரு வருஷமும். என்ரை பிறந்தநாளுக்கு. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேப்பா. போதும் ரீச்சர், நான் மன்னிச்சிட்டன் எண்டு சொன்னாலும் விடமாட்டா." அவன் குரலில் கோபம் இல்லை. "நீங்கள்தான் அம்மா இன்னும் கேக்கேல்லை."

அந்த மனுசியின் கை இந்த உலகத்தில் எத்தனையோ பேர்மேல் விழுந்தது. அன்று ஆறிக் குளிர்ந்து, நெஞ்சின்மேல் மடித்துக் கிடந்தது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எழும்பி, ஆரூரனின் முழங்கால்களைத் தாண்டிப் போய், அவனுடைய வலப்பக்கத்தில் இருந்தேன். அங்கே இருந்துகொண்டு, "பத்து நாள் உன்னை அப்பிடியே வைச்சிருந்திட்டன் ராசா, என்னை மன்னிச்சிடு" என்று சொன்னேன்.